கூப்பிட்டவருக்கே மாடு

எங்கள் குடும்பத்துக்கு நிலம் சம்பாதித்துக் கொடுத்தவை மாடுகள். இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். தென்காசியில் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறவருக்கு நிலம் என்றால் கல் நட்டு, கொடி கட்டி, சென்ட் கணக்கில் விற்கிற பொருள். அவர் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் பூட்டனார் ஒரு பஞ்ச காலத்தில் சிவகிரிப் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கி வந்தபோது அவரிடம் மாடுகளையும் பெண்டாட்டியையும் தவிர ஒன்றும் இல்லை. மாட்டை முதலில் சொல்கிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவரும் அந்த வரிசையில்தான் சொல்வாராம்.

அவர் வந்து நின்ற இடம் கீழப்பாவூருக்குக் கிழக்கே ஒரு செம்மண் பொட்டல். உடைமரமும் சரளைக் கல்லும் தவிர அங்கே எதுவும் கிடையாது. யாரும் ஏர் கட்டிப் பார்த்ததில்லை. அதற்குச் சொந்தக்காரர் வயல்காரர். அந்தப் பொட்டலை எட்டிக்கூடப் பார்க்காதவர். பூட்டனார் அவரிடம் போய் ஒரு பேச்சு பேசினார். காட்டில் கிடை போடுகிறேன், விளைகிற மண்ணாக்கித் தருகிறேன், பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. வயல்காரர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம். கல்லில் நார் உரிக்கப் போகிறான், உரித்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார்.

கிடை என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பகலெல்லாம் மேய்ந்த மாடுகளை ராத்திரிக்கு ஒரே இடத்தில் மடக்கிப் படுக்க வைப்பது. சாணியும் கோமியமும் அந்த மண்ணில் இறங்கும். மறுநாள் பக்கத்தில் தள்ளிப் படுக்க வைப்பது, அதற்கு மறுநாள் இன்னும் தள்ளி. இப்படியே பொட்டல் முழுக்க மாடுகளைப் படுக்க வைத்து எழுப்பினார் பூட்டனார். முதலில் புல் வந்தது, பிறகு சோளம் வந்தது. பிறகு வயல்காரர் வந்தார், இந்தத் தடவை சிரிக்காமல். சொன்ன சொல் தவறாமல் பாதியைக் கொடுத்தார். அந்தப் பாதியில்தான் இன்றைக்கும் நாங்கள் இருக்கிறோம். மேற்கே மலை, நாலு பக்கமும் மின்சாரக் காற்றாடி, நடுவில் நாங்கள்.

பூட்டனாரைப் பற்றி இன்னும் நிறையக் கதைகள் உண்டு. புலியைக் கம்பால் அடித்து விரட்டினார் என்பார்கள். எங்கள் வீட்டில் பொய்யைக்கூட வாய்க்கால் வெட்டித்தான் பாய்ச்சுவார்கள், அதனால் புலியை நான் நம்புவதில்லை. நரியாக இருந்திருக்கும். ஆனால் சாணியை நம்புகிறேன், ஏனென்றால் அதில் விளைந்த உளுந்தைத் தின்றுதான் வளர்ந்தேன்.

அவருடைய இரண்டு மகன்கள் பாகம் பிரிக்க வந்தபோதுதான் அந்த வழக்கம் உண்டானது. நிலத்தைக் கயிறு போட்டு அளந்துவிடலாம். மாட்டை எப்படிப் பிரிப்பது? கிடை மாடு மூக்கணாங்கயிறு பார்த்த மாடு இல்லை. கட்டிப் பழக்கமில்லை, இழுத்தால் வராது. ஒரு தாய்ப்பசு முன்னால் போனால் மற்றதெல்லாம் பின்னால் போகும். பாதியைப் பிரித்துக் கொண்டுபோனால் அன்று ராத்திரியே வேலியை முறித்துக்கொண்டு மற்ற பாதியிடம் வந்துவிடும். அதனால் மாட்டைப் பிரிக்கவே கூடாது, முழுக்க ஒருவருக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். யாருக்கு? அதை மாடே சொல்லட்டும்.

அதற்கு வைத்த முறை இதுதான். காலையில் கிடையைத் திறந்துவிட வேண்டும். மேற்கே ஒருவர், கிழக்கே ஒருவர், ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். கையில் புல்லோ புண்ணாக்கோ இருக்கக் கூடாது. இருவரும் கூப்பிட வேண்டும். தாய்ப்பசு யாரிடம் போய் நிற்கிறதோ அவருக்கு மாடு முழுவதும். தோற்றவருக்குக் கிணற்றை ஒட்டிய நல்ல நிலம். மாட்டை இழந்தவன் வயிறு காயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். கூப்பிட்டவருக்கே மாடு என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

கூப்பிடுவது என்றால் பெயர் சொல்லி அழைப்பது இல்லை. ஒவ்வொரு கிடைக்கும் ஒரு சத்தம் உண்டு. எங்களுடையது அடி வயிற்றிலிருந்து மெதுவாக எழும்பி, மேலே போய், சட்டென்று முறியும். 'ஓ... ஹே... பாஆ... ப!' எழுதினால் ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டும்.

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்ததை நான் பாவாடை கட்டிய வயதில் பார்த்தேன். சித்தப்பா அதற்கு முன் ஒரு மாதமாகத் தினமும் தாய்ப்பசுவுக்குக் கருப்பட்டி ஊட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைப்பு. அன்றைக்குக் கிடையைத் திறந்ததும் பசு நேராக அவரிடம்தான் போனது. கையை முகர்ந்தது. கருப்பட்டி இல்லை. இன்னொரு கையை முகர்ந்தது. அதிலும் இல்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பி, அப்பாவின் குரலைப் பார்த்து நடந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். கிணற்று நிலத்தில் தென்னை வைத்து இன்றைக்கு டிராக்டர் வரைக்கும் வாங்கியிருக்கிறார். தோற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

அண்ணன் பதினெட்டு வயதில் போலீசுக்குப் போனான். எங்கள் பக்கத்தில் பையன்கள் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் பட்டாளம். நான் தென்காசியில் வாக்கப்பட்டேன். ஆனால் மாட்டைவிட்டு என்னால் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் காலையில் பஸ் ஏறிக் காட்டுக்கு வந்துவிடுவேன். கடைசியில் குடும்பத்தையே கீழப்பாவூருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். என் கணவர், "நீ முதல்ல மாட்டைக் கட்டிக்கிட்டு, ரெண்டாவதாத்தான் என்னைக் கட்டிக்கிட்ட" என்பார். சொல்லிவிட்டு அவரே பருத்திக்கொட்டை மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பார்.

கிடையை நான்தான் நடத்தினேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் எங்கள் பொட்டலிலும் தூறல் எட்டிப் பார்க்கும், புல் தலைகாட்டும், அப்போது மாடு வீட்டோடு. பிசான நெல் அறுப்பு முடிந்தால் வடகரைப் பக்கம் வயல் வயலாகக் கிடை போடப் போகும். எந்த வயல்காரருக்கு எந்த வாரம், எந்த மாட்டுக்குக் கோமாரி ஊசி, எந்தத் தோட்டத்துக்காரன் வாய்க்காலை மறித்து வேலி போட்டிருக்கிறான், எல்லாம் என் தலையில். ரோட்டைக் கடக்கும்போது அருவிக்கு வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தால் நானும் நடுரோட்டில் நின்றுவிடுவேன். "ஒங்களுக்கு அருவி ஒண்ணும் ஓடிப் போகாது, நில்லுங்க" என்பேன். அதைப் படம் எடுத்துப் போட்டவர்களும் உண்டு.

ஒன்றை மட்டும் அப்பா விடவில்லை. சாயங்காலம் மாட்டைக் கூப்பிடுவது அவர் வேலை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் எழுந்து வந்து வாசலில் நின்று கூப்பிடுவார். மலைப்பக்கம் வெளிச்சம் சாயும்போது அந்தச் சத்தம் எழும்பும், எங்கெங்கோ மேய்ந்து கிடந்த மாடெல்லாம் தலை தூக்கும். போன ஐப்பசியில் அவர் செத்துப்போனார். அடுத்த நாளிலிருந்து நான் கூப்பிட்டேன். மாடு வந்தது. கொஞ்சம் யோசித்து வந்தது, ஆனாலும் வந்தது.

காரியத்துக்கு வந்த அண்ணன் திரும்பிப் போகவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓய்வு பெற்றிருந்தான். இருந்து பாகத்தைப் பிரித்துவிட்டுப் போகிறேன் என்றான். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மனசில் இருப்பதைச் சொன்னான்.

"மாட்ட எல்லாம் குடுத்துருவோம்ட்டி."

"யாருக்கு?"

"செங்கோட்டைல ஒரு யாவாரி இருக்காரு. மொத்தமா எடுத்துக்கிடுதேங்காரு."

செங்கோட்டை வியாபாரி மொத்தமாக எடுத்தால் மாடு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். லாரி மலை ஏறிக் கேரளாவுக்குப் போகும். அங்கே யாரும் கிடை போடுவதில்லை. என் கையில் இருந்த குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டேன்.

"நான் உசுரோட இருக்கும்போது அது நடக்காது."

"கோவப்படாத. கேளு. மேக்க சோலார் தகடு, கெழக்க பிளாட்டு. மலைக்காட்டுக்குள்ள விட்டா பாரஸ்ட்காரன் புடிக்கான். எங்கனட்டி மேய்ப்ப? ஒனக்கு முட்டி வலி வேற. ரோட்டுல கார்க்காரன்கிட்ட மல்லுக்கு நிக்கியாம், போன்ல பாத்தேன். ஒரு நாள் ஒன்ன இடிச்சிட்டுப் போயிட்டான்னா? ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி சொல்லுதேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது. எனக்காகக் கவலைப்படுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? கடைசியில் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வீட்ல மாட்ட யாரு வைக்கணும், யாரு விக்கணும்னு நீயும் நானும் சொல்ல முடியாது. கிடையத் தொறப்போம். எங்கிட்ட வந்தா மாடு எனக்கு. அதுக்கப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"எங்கிட்ட வந்தா?"

"வித்துக்கோ. நானும் வாயத் தொறக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். "நான் மாட்டக் கூப்புட்டு எந்தக் காலம் ஆச்சு! நீ ஜெயிக்கதுக்குன்னே ஒரு வழி கண்டுபுடிச்சிருக்க" என்றான். ஆமாம் என்று நானும் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். தோற்பேன் என்ற எண்ணம் எனக்குச் சொட்டுக்கூட இல்லை. சித்தப்பா மாதிரிக் கருப்பட்டி ஊட்ட வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. ஈன்ற ஈரத்தோடு நான் கையில் வாங்கிய கன்றுகள்தான் அந்தக் கிடையில் பாதி.

தை மாதம் ஒரு காலை. பனி விலகியிருந்தது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள், என் கணவர், எல்லோரும் வேலியோரமாக நின்றார்கள். சித்தப்பாதான் நடுவர். டிராக்டரில் வந்து இறங்கி எங்கள் இருவர் கையையும் விரித்துப் பார்த்தார். "கருப்பட்டி இருக்காலே?" என்று அண்ணனிடம் அவரே கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் மேற்கே நின்றேன். அண்ணன் கிழக்கே போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பந்தோபஸ்துக்கு நிற்கிற மாதிரி நின்றான்.

கிடையைத் திறந்தார்கள். இருபத்தைந்து முப்பது உருப்படிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. தாய்ப்பசுவான செவலை, பெரிய கொம்புக்காரி, முன்னால் வந்து நின்று காற்றை மோந்து பார்த்தது.

"தங்கச்சி மொதல்ல கூப்புடட்டும்" என்றான் அண்ணன்.

நான் கூப்பிட்டேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. செவலை காதை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. பின்னால் மொத்தக் கிடையும். பாதித் தூரம் வந்துவிட்டது. என் கணவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார், ஜெயித்தாயிற்று என்பது போல. அப்போதுதான் அண்ணன் கூப்பிட்டான்.

அது அண்ணன் குரல் இல்லை. அப்பாவின் குரல். அடி வயிற்றிலிருந்து எழும்பியது, மேலே போனது, சட்டென்று முறிந்தது. அந்த முறிகிற இடத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். அதுகூட இருந்தது. நாற்பது வருஷம் ஊர் ஊராகக் கூட்டத்தை அதட்டிக்கொண்டு திரிந்த தொண்டைக்குள் அது எங்கே கிடந்ததோ. வேலியோரம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

செவலை நின்றது. தலையைத் தூக்கியது. திரும்பியது. பிறகு அது நடக்கவில்லை, ஓடியது. மொத்தக் கிடையும் அதன் பின்னால் ஓடியது. தூசி எழும்பி எனக்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றது. மாடு திரும்பியதில் என்ன அதிசயம்? நானே அந்தப் பக்கம் நாலு எட்டு எடுத்து வைத்திருந்தேன்.

தூசி அடங்கியபோது அண்ணனைச் சுற்றி மாடாக நின்றது. செவலை அவன் நெஞ்சில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தது. என் பக்கம் ஒரே ஒரு கிடாரி நின்றது. அதற்கும் காது சரியாகக் கேட்காது.

சித்தப்பா யார் முகத்தையும் பார்க்காமல், "கூப்பிட்டவருக்கே மாடு" என்றார். அண்ணன் முகம் வெளுத்திருந்தது. நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். வீட்டுக்கு வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாடு போனதற்கு அழுதேன். அப்பாவுக்குச் சாவு வீட்டில் அழாததையும் சேர்த்து அழுதேன். சாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. இவ்வளவு நாளும் கூட இருந்த எனக்கு வராத குரல் விட்டுப் போனவனுக்கு வந்ததே என்று அப்பா மேலேயே ஆத்திரம் வந்தது. இப்போது நினைத்தாலும் அது அநியாயம்தான்.

அந்த வாரம் முழுக்க அண்ணனும் நானும் பேசவில்லை. சாயங்காலம் நான் கூப்பிடவும் போகவில்லை. அவன் மாடு, அவன் பாடு. சம்பளத்துக்கு இருந்த மேய்ப்பர் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டு வந்து அடைத்தார். வடகரை வயல்காரர்கள் போன் செய்தால் எடுக்கவில்லை. அப்பா தன் பாகத்தில் பின்னால் வெட்டிய கிணற்றை ஒட்டிய நிலம் எனக்கு வந்திருந்தது. அங்கே போய் நின்று பார்த்தேன். நல்ல மண். பூட்டனாரின் மாடுகள் செய்த மண். என்ன வைப்பது என்று யோசிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

வியாபாரியின் லாரி ஒரு காலையில் வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை. நான் போனபோது லாரியின் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்திருந்தார்கள். வியாபாரி செங்கோட்டைக்காரர், பாதி மலையாளம். "சேச்சி, சுகந்தானா?" என்றார். நான் செவலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருடைய ஆட்கள் முதலில் செவலையின் கொம்பில் கயிறு போடப் பார்த்தார்கள். அது ஒரு உதறு உதறியதில் ஒருவன் சரளையில் உருண்டான். கம்பை எடுத்தான் இன்னொருவன். "அடிக்காதலே!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டான். அது போலீஸ் குரல்.

வியாபாரி விவரமான ஆள். கிடை மாட்டின் குணம் தெரிந்தவர். "கயிறு கம்பு ஒண்ணும் வேண்டா, அண்ணாச்சி. நீங்க லாரில ஏறி நின்னு ஒரு விளி விளிச்சா மதி, அது போதும். பின்னால எல்லாம் ஏறிரும். அன்னைக்கு ஒங்க சத்தத்துக்கு ஓடி வந்துச்சாமே, கேள்விப்பட்டேன்" என்றார்.

அண்ணன் பலகையில் ஏறி லாரிக்குள் போய் நின்றான். மாடெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. செவலை அவன் ஏறிய பலகையின் அடியில் வந்து, முன்னங்காலில் ஒன்றைத் தூக்கி அதன் மேல் வைத்துக் காத்திருந்தது. கூப்பிட்டால் போதும், ஏறிவிடும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மாட்டேன் என்று சொன்னவள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தான்.

"விளிக்கணும் அண்ணாச்சி, வெயில் ஏறுது" என்றார் வியாபாரி.

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ கூப்புடேன்ட்டி" என்றான், சின்னப் பிள்ளை கேட்பது போல.

"என் கொரலுக்கு வராதுன்னுதான் ஊரே பாத்துச்சுல்லா?" என்றேன்.

அவன் லாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு, கால்களை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்தான். "அப்பா கொரலுக்குல்லாட்டி இதுக வருது. அத வச்சிக் கூப்புட்டு லாரிலயா ஏத்தச் சொல்லுத?" என்றான். ஏற்றச் சொன்னது நான் இல்லை. ஆனால் அதை அப்போது சொல்லிக் காட்டுகிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

வியாபாரி எங்கள் இருவரையும் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பிறகு தம் ஆட்களிடம் பலகையை எடுக்கச் சொன்னார். அண்ணன் இறங்கி வந்து அவரிடம் ஏதோ சொல்லப் போனான். "போட்டே, அண்ணாச்சி, போகட்டும்" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். லாரி வெறுமனே போனது.

அண்ணன் செவலையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மாடு வழக்கப்படி அவனுடையது. வைத்துக்கொள்ளத் தெரியாது, விற்கவும் முடியாது.

"இப்ப நான் என்னட்டி செய்ய?" என்றான்.

"பகல்ல நான் பாத்துக்கிடுதேன். வடகரைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். சாயங்காலம் ஆனா நீ வந்து நின்னு கூப்புடணும். ஒரு நாள் விடக் கூடாது."

"ஒனக்கே வருமேட்டி மாடு. அப்பா போனப்புறம் நீ கூப்புட்டு வந்துச்சுல்லா?"

"மாட்டுக்கு இல்லண்ணே" என்றேன். "எனக்குக் கேக்கணும்."